மூக்கனுக்கு ஒரு கொடி

ஒரு மணி நேரம் தாங்கினால் போதும், இருப்பதிலேயே மலிவானதை எடு என்று சொல்லிவிட்டு, வெள்ளைச்சாமி மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தார்.

திருச்சி பெரிய கடைவீதியில் கொடி விற்கும் ஹபீபுல்லா, யார் வந்தாலும் மூன்று கேள்விதான் கேட்பார். எதற்கு, எத்தனை நாளைக்கு, எவ்வளவுக்குள்.

வருஷம் முழுக்கக் கம்பத்தில் பறக்க வேண்டுமென்றால் பாப்ளினில் இரட்டைத் தையல். மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றம் என்றால் சாட்டின். ஊர்வலத்தில் பிடித்துவிட்டு ஓரமாகப் போட்டுவிட்டுப் போவதற்குக் காடா.

பிணத்தின் மேல் போர்த்துவதற்கு என்றார் வெள்ளைச்சாமி. சுடுகாட்டில் எப்படியும் எடுத்துவிடுவார்கள், அதில் தரமென்ன வேண்டிக் கிடக்கிறது என்றும் சொன்னார்.

ஸ்ரீரங்கத்தில் அவர்தான் கட்சியின் நகரச் செயலாளர். கட்சிக்காரன் செத்தால் செயலாளர் போய்க் கொடி போர்த்த வேண்டும். பெரிய ஆள் செத்தால் மாவட்டத்திலிருந்து வருவார்கள், போட்டோ பிடிப்பார்கள், சாட்டினே எடுக்கலாம்.

செத்தது மூக்கன். மூக்கனுக்கு யார் வரப்போகிறார்கள்.

சுவரொட்டி ஒட்டுகிறவன், பெஞ்சு தூக்குகிறவன். காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு, மிச்ச நேரத்தையெல்லாம் கட்சிக்குக் கொடுத்தவன். உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே இருப்பான். அதைப் பணிவு என்று மற்றவர்கள் சொல்வார்கள். மண்டையில் ஒன்றும் இல்லாதவன் வேறு எப்படி நிற்பான் என்பது வெள்ளைச்சாமியின் கணக்கு. மூன்று தடவை மறியலில் உள்ளே போனான். ஒரு தடவைகூடப் பேப்பரில் பெயர் வருகிற மாதிரி போகத் தெரியவில்லை.

செத்தும் செலவு வைத்துவிட்டான்.

கட்சி ஆபீஸில் கொடி இல்லாமல் இல்லை. கூட்டம் முடிந்ததும் அவற்றை அவிழ்த்து, துவைத்து, மடித்துப் பெட்டியில் வைக்கிற ஆள் படுக்கையில் விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எல்லாம் மழையில் நனைந்து பூசணம் பிடித்துக் கிடந்தன. அந்த ஆள் மூக்கன்தான்.

காலையில் கொள்ளிடக்கரை வீட்டுக்குப் போனபோது, மூக்கன் பெண்டாட்டி அமிர்தம் அழுகையை நிறுத்திக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். நல்ல கொடியாகப் போர்த்த வேண்டும், அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை என்றாள்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினார். கேட்பதற்கும் ஒரு தகுதி வேண்டாமா என்ற எரிச்சல் காவிரிப் பாலம் தாண்டியும் அடங்கவில்லை.

காடாக் கொடி வந்தது. ஹபீபுல்லா வியாபாரி என்றாலும் பொய் சொல்ல மாட்டார். சாயம் நிற்காது, பூமாலைத் தண்ணீர் பட்டாலே வேட்டியில் இறங்கிவிடும், நீளமும் கழுத்திலிருந்து முழங்கால் வரைதான் வரும் என்றார்.

பிணம் எழுந்து வந்து புகார் சொல்லாது என்றார் வெள்ளைச்சாமி. அந்தக் குறைகளையே சொல்லி விலையையும் குறைத்தார்.

கொடியை மடித்துச் சணல் சுற்றிக்கொண்டே, இறந்தது யார் என்று ஹபீபுல்லா கேட்டார்.

மூக்கன் என்றதும் கை நின்றுவிட்டது.

அவர் உதடுகள் பிரார்த்தனை ஒன்றை முணுமுணுத்தன. பிறகு உள்ளே போய், பீரோவின் மேல் தட்டிலிருந்து பழைய செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார்.

சாட்டின் கொடி. நான்கு ஓரமும் இரட்டைத் தையல். மேஜை மேல் விரித்ததும் இரண்டு பக்கமும் தாராளமாக வழிந்தது. வெள்ளைச்சாமியின் விரல்கள் தாமாகவே போய் அதைத் தடவிப் பார்த்தன. இது என்ன விலை, யாருக்கு என்று கேட்டார்.

“நம்ம மூக்கன் எடுத்ததுங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடந்தப்ப, உங்களுக்குன்னு எடுத்தாரு. கையில காசு இல்ல, எட்டு நாள் என் கடைக்கு வந்த துணி பேல எறக்கிக் கடனக் கழிச்சாரு. எங்க அண்ணன் பருத்த ஒடம்பு, ரெண்டு பக்கமும் தொங்கணும், மத்தவங்க காடாதான் எடுப்பாங்கன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. நீங்க பொழச்சதும், அண்ணனுக்குத் தெரிய வேணாம்னு இங்கயே வச்சுட்டுப் போயிட்டாரு.”

உயிரோடு இருக்கும்போதே பிணத்துக்குப் போடும் கோடித்துணி எடுத்திருக்கிறான் என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டதுமே மாவட்டத்தில் அடுத்த செயலாளரை முடிவு செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு நாளும் ஒருவன்தான் நின்றானாம். அவனையும் உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

வெள்ளைச்சாமிக்குக் கண் கலங்கியது. பொய்யாகக் கலங்கவில்லை. தன்னை நினைத்துக் கலங்கியது, அவ்வளவுதான்.

ஹபீபுல்லா சாட்டினை மடித்து அவர் பக்கம் நகர்த்தினார்.

வெள்ளைச்சாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காடாப் பொட்டலத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினார்.

நாலு எட்டு போனவர் திரும்பி வந்தார். ஹபீபுல்லா அவசரமாகச் சாட்டினை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“அந்துருண்டை போட்டு வை பாய்” என்றார் வெள்ளைச்சாமி.