இரைச்சல் நீக்கம்

முனீப் கட்டில் மெத்தையை நிமிர்த்தி ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பரீதா மாமி பதறிப்போனார்.

“என்ன மகன், புயல் ஏதும் வருதாமா?”

“இல்ல மாமி. கிட்டார் பதியப் போறன்.”

அதற்குப் புயலே பரவாயில்லை என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மாமி உள்ளே போனார்.

நாற்பது தாண்டிய பிறகு முனீப்புக்கு முதல் வாய்ப்பு வந்திருந்தது. பகலெல்லாம் துறைமுகத்து ஐஸ் ஆலையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவன், வீட்டுக்கு வந்ததும் கிட்டாரோடு மல்லுக்கட்டுவான். இத்தனை வருடத்தில் அவன் வாசிப்பை முழுதாகக் கேட்டவள் மனைவி சனூஸா ஒருத்திதான். அதுவும் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லாததால்.

முந்தின நாள்தான் உப்புவெளி ஹோட்டல் ஒன்றின் முகாமையாளர் சுகிர்தன் கூப்பிட்டிருந்தார். “அண்ணை, நீங்கள் வீட்டில ஒலிப்பதிவு செய்யிறனீங்களாம். எங்கட மசாஜ் அறையில போட, மனசு ஆறுற மாதிரி ஒண்டு செய்து தாங்கோ.”

முனீப் அன்றைக்கே ஐஸ் ஆலை முழுக்கச் சொல்லிவிட்டான். இனிப் பின்வாங்க ஏலாது.

பழைய பதிவுகளின் குறை அவனுக்கே தெரியும். மைக்கைக் கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வைத்தால் வெறும் பீப்பாயைக் குத்துவதுபோல் கேட்கும். ஆகவே இந்த முறை கழுத்துப் பக்கமாகத் தள்ளி வைத்தான். எதிரொலியை அள்ளிக் கொட்டுகிற பழக்கத்தையும் விட்டான். ‘போன முறை கிணத்துக்குள்ள விழுந்தவன் வாசிச்ச மாதிரி இருந்திச்சு’ என்று சனூஸா சொன்னதில் ஒரு தொழில்நுட்ப உண்மை இருந்தது.

வாசித்து முடித்துக் கேட்டுப் பார்த்தான். விரல் தடுக்கிய இடங்களை வெட்டி ஒட்டிச் சரிக்கட்டினான். ஆனால் மெத்தையையும் மீறிக் கடல் இரைந்தது. காகம் கரைந்தது. தூரத்தில் கப்பல் ஒன்று வேறு ஊதியது.

இரைச்சலைப் பிரித்தெடுக்கும் மென்பொருளைத் திறந்தான். இரைச்சலோடு சேர்த்துக் கிட்டாரும் போகிறதா என்று பார்க்க, கழித்ததை மட்டும் கேட்கும் பொத்தானை அழுத்தினான். அலை, காகம், கப்பல். கிட்டாரில் ஒரு துணுக்குக்கூட அதில் இல்லை. பெரிய ஸ்டூடியோக்காரர்கள்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரிப்பார்களா என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

“இப்ப கரண்ட் வெட்டுறாங்களாம், கெதியா முடிங்க!” என்று குசினியிலிருந்து சனூஸா சத்தம் போட்டாள்.

இருந்த இருப்பிலேயே அவசரமாகக் கோப்பாகச் சேமித்து சுகிர்தனுக்கு அனுப்பிவிட்டான்.

அனுப்பியதும் திரும்ப ஒருமுறை கேட்கக் கை துருதுருத்தது. சனூஸா வந்து மடிக்கணினியை மூடினாள்.

“தம்பிட கலியாண வீடியோவுக்கும் இப்படித்தான், கடைசி, உண்மையான கடைசி எண்டு எத்தின தரம் மாத்தி மாத்தி அனுப்பினீங்க? அவன் ஒண்டையும் போடல்ல. அனுப்பினது அனுப்பினதுதான். இனித் தொடப்படாது.”

அடுத்த கிழமை சுகிர்தன் கூப்பிட்டார். முனீப் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, பரீதா மாமியையும் வேலியடிக்கு அழைத்தான்.

“அண்ணை, அருமை! படுத்த ஆக்கள் எழும்புறாங்களில்லை. கண்ணை மூடினா அப்படியே கடற்கரையில கிடக்கிற மாதிரி இருக்காம்.”

அளவாகப் போட்ட எதிரொலியின் மகிமை அது என்று முனீப் சனூஸாவுக்குக் கண்ணால் சாடை காட்டினான். அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடம் கழித்து, வெளியாள் ஒருவர் அவனைப் பாராட்டுகிறார். பரீதா மாமிகூடத் தலையை ஆட்டினார்.

“இன்னும் ரெண்டு மூண்டு வேணும், அண்ணை.”

“கட்டாயம், தம்பி!” முனீப் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அடுத்ததில எதைக் கூட்டோணும், எதைக் குறைக்கோணும்? யோசிக்காமச் சொல்லுங்க. குறை சொன்னா ஏத்துக்கொள்ற கலைஞன் நான்.”

“ஐயோ, ஒண்டையும் மாத்தாதேங்கோ!” சுகிர்தன் பதறினார். “இதில மாதிரியே பாட்டு, கிட்டார் எண்டு ஒரு கரைச்சலும் இல்லாமல் செய்தாச் சரி.”