பத்தாவது அடி

ஆற்றுப் பள்ளத்தாக்குப் பூங்காவில், முகத்தில் சந்தோஷம் தெரியாதவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். வற்றல் வியாபாரி அருஞ்சுனைக்கு அந்த ஆற்றைவிட்டுக் கண்ணை எடுக்க மனமில்லை. ஆனால் நல்ல சரக்கைக் கண்டால் விலை ஏறிவிடாமலிருக்க முகத்தை இறுக்கிக்கொண்டே நாற்பது வருடம் பழகியவர் அவர். முகத்தைப் பார்த்து மனசைக் கணிக்கும் பூங்காக் கேமராவுக்கு அது எங்கே தெரியும்?

“ஐயா, உங்களுக்கு ஆறு பிடிக்கலைன்னு வருது. அஞ்சு நிமிஷத்துல சிரிக்கலைன்னா ரெண்டு பேரும் கிளம்பணும்” என்றார் காவலர்.

“பிடிக்கலைன்னு நான் சொன்னேனாய்யா? என் மனசு என்கிட்ட இருக்கா, உங்க கேமராகிட்ட இருக்கா?”

“கொஞ்சம் சிரிச்சுத்தான் வைங்களேன்” என்று கெஞ்சினாள் மனைவி சந்தனமாரி. பரிசலில் போகவென்று இரண்டு வருடம் காத்திருந்து வந்தவள், இன்னும் ஏறவில்லை.

“சிரின்னா சிரிக்க நான் என்ன சாவி குடுத்த பொம்மையா? உங்க ஆறே வேண்டாம்யா. வா சந்தனம்.”

துண்டை உதறித் தோளில் போட்டு, வாசலைத் தாண்டி மெதுவாக நடந்தார். சந்தையில் பேரம் படியாமல் இப்படி நடந்தால், பத்தடி வைப்பதற்குள் எவனும் திரும்பக் கூப்பிட்டுவிடுவான். பத்தாவது அடியில் கதவுதான் சாத்திக்கொண்டது. ‘தாமாகவே வெளியேறினார்கள்’ என்று மேலே எழுத்து ஓடியது.

“பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான் எந்திரிச்சு நடந்தீங்க” என்றாள் சந்தனமாரி. “அன்னைக்கு எங்கப்பா கூப்பிட்டாரு.”