மணியின் உட்புறம்

திருமண நாள் பரிசாக டிரேவர் பையிலிருந்து எடுத்து வைத்த பித்தளை மணியைப் பார்த்ததும் நோராவின் முகம் வெளுத்தது.

"உங்கப்பா சமையல்காரரா இருந்த அதே ஸ்டீமர் கப்பலோட மணி. அல்சூர்ல பழைய சாமான் கடையில கிடைச்சது," என்றார் அவள் கணவர். "மெட்ராஸுக்கும் பினாங்குக்கும் நடுவுல முப்பது வருஷம் அடிச்சிருக்கு. அரை மணிக்கு ஒரு தடவை, பனிமூட்டம்னா விடாம. ஹால்ல மாட்டிடலாம், சாயங்காலம் பசங்க வந்து அடிக்கட்டும்."

"உள்ளே பார்த்தீங்களா?"

"ஒரே பச்சைக் களிம்பு. பாலிஷ் போடக் கொடுத்துடவா?"

"வேணாம். நானே தேய்க்கிறேன்."

அவர் சுவரில் ஆணி அடிக்கப் போனதும், நோரா சமையலறையில் மணியின் வாயை மேலே திருப்பிப் புளி போட்டுத் தேய்த்தாள். அந்தக் கப்பலில் சிப்பந்திகளின் குழந்தைகளுக்கு இப்படி மணியைத் தலைகீழாக்கி, அதில் தண்ணீர் ஊற்றித்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பிறகு குழந்தையின் பெயரை உள்ளே செதுக்குவார்கள். பிறந்த வருஷத்தையும்.

'நோரா, 1950' என்று பளிச்சென்று தெரிந்தது.

டிரேவர் பிறந்தது 1953. மனைவி தன்னைவிட இரண்டு வயது சின்னவள் என்று நம்பித்தான் நாற்பத்தைந்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார்.

"என்னங்க, வீட்டுல அரம் இருக்கா? ஒரு கறை போகவே மாட்டேங்குது."

"மணி கொண்டுவந்த பையிலேயே இருக்கு பாரு," என்றார் டிரேவர், ஹாலிலிருந்து. "ரெண்டையும் சேர்த்துத்தான் வாங்கினேன். பசங்க வர்றதுக்குள்ள ஜல்தி முடி."