வெளி டம்ளர்

"நீ ஏன்டா அன்னைக்கு உன் காபியக் குடிக்கல?"

எத்தனையாவது தடவையாகக் கேட்கிறோம் என்று இன்ஸ்பெக்டர் நல்லகாமனுக்கே மறந்துவிட்டது. கை விலங்கோடு நின்ற வெள்ளைத்துரை இந்தத் தடவையும் தரையைத்தான் பார்த்தான்.

மதுரை சிம்மக்கல்லில் அந்த வீட்டின் கொல்லைப்புறம். கார் கொட்டகையின் தகரம் பங்குனி வெயிலை அப்படியே தலையில் இறக்கியது. உள்ளே, செத்துப்போன பருப்பு மண்டி முதலாளி பட்டாபிராமனின் அம்பாசடர்.

போன வாரம் அதன் பின்சீட்டில்தான் அவர் நுரை தள்ளிக் கிடந்தார். காலடியில் ஒரு பித்தளை டம்ளர் உருண்டு கிடந்தது. அடியில் ஒட்டியிருந்த காபியில் எலி மருந்து.

டம்ளர், வீட்டு டிரைவர் வெள்ளைத்துரையுடையது. கொட்டகை மாடத்தில் தனியாக இருக்கும். சாயங்காலம் அவன் அதைக் கொண்டுபோய்ச் சமையல்கட்டுப் படியில் வைத்தால், வீட்டம்மாள் ஜகதாம்பாள் அவன் காபியைத் தூக்கி ஊற்றுவாள். கழுவுவது அவன் பாடு. வீட்டு மனிதர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை.

முதல் நாளே ஜகதாம்பாள் அடித்துச் சொல்லிவிட்டாள். "அவர் அந்த டம்ளரைக் கையாலகூடத் தொட மாட்டார். இவன்தான் பிடிச்சு வச்சு ஊத்தியிருக்கான்."

நியாயம்தானே. அந்த டம்ளரில் விஷம் வைத்து முதலாளியைக் கொல்லலாம் என்று யாராவது நினைப்பார்களா? அதனால் சமையல்கட்டுப் பக்கம் யார் சந்தேகமும் போகவில்லை.

காரணமும் தயாராக இருந்தது. மகள் ஸ்யாமளாவை தினமும் காலேஜுக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தவன் இவன். பழக்கம் எங்கேயோ போய், தாய்க்குத் தெரிந்து, பெண்ணை ராத்திரியோடு ராத்திரியாகத் திருச்சிக்கு மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். டிரைவரை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் புருஷனிடம் ஏன் என்று சொல்ல வேண்டுமே. பயலுக்கு அந்த ஆத்திரம் இருந்திருக்கும். மண்டியில் எலி மருந்துக்கும் பஞ்சமில்லை.

எல்லாம் கச்சிதம். தூக்குதான்.

இடித்தது ஒன்றுதான். செத்தவரின் வெள்ளை ஜிப்பாவில் ஒரு சொட்டுக் காபி இல்லை.

நல்லகாமன் தன் பிள்ளைக்குப் பேதி மருந்து ஊற்றினாலே பிள்ளை சட்டை, அவர் சட்டை, பாய் என்று எல்லாம் நனைந்துவிடும். வளர்ந்த மனிதர் வாயில் பலவந்தமாக ஊற்றினால் சிந்தாமல் இருக்குமா?

விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் இருந்தது. எத்தனை பிணம், எத்தனை வீடு, அலுத்துப்போயிருந்தார். இந்த வீட்டில் தனக்கும் காபி வீட்டு டம்ளரில் இல்லாமல் கண்ணாடி கிளாஸில் வந்ததையும் கவனித்திருந்தார், கோபப்படத் தெம்பில்லை. ஆனால் பயலுக்கு இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. தூக்கில் போட்டுவிட்டு அப்புறம் ஜிப்பாவைப் பற்றி யோசித்து என்ன பிரயோஜனம்?

"தொங்கப்போறடா. இப்பவாச்சும் வாயத் தொற."

வெள்ளைத்துரை முதல் தடவையாக நிமிர்ந்தான்.

"வீட்ல சொல்ல மாட்டேன்னு மொதலாளிக்குச் சத்தியம் பண்ணிருக்கேன்யா. அவருக்குச் சக்கர வியாதி. வீட்ல சீனியக் கண்ணுல காட்ட மாட்டாக. மண்டிக்குக் கெளம்புற மாதிரி வந்து கார்ல உக்காந்துக்குவாரு. என் காபியத்தான் அண்ணாந்து பாதி குடிச்சிட்டு, மிச்சத்த எனக்குத் தருவாரு. அன்னைக்கு என்னமோ சீனி தூக்கலா இருக்குடான்னு முழுசையும் குடிச்சிட்டாரு."

இதற்காகவா இவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டு நின்றான்? அவன் டம்ளர். அவன் காபி. தினமும் அவன்தான் குடிக்கிறான் என்று வீடு நினைத்துக்கொண்டிருந்த காபி.

நல்லகாமன் திரும்பினார். சமையல்கட்டுப் படியில் ஜகதாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"இத்தனை வருஷமா ஒரு துளி சர்க்கரை அவர் நாக்குல படாமப் பாத்துண்டேனே" என்றாள், யாரையும் பார்க்காமல். "கசக்கப்போறதேன்னு அன்னிக்கு நான்தானே கூடப் போட்டேன்."

கால் மடங்கி அப்படியே சரிந்தாள்.

தாங்கிப் பிடிக்க வெள்ளைத்துரை விலங்கோடு ஓடினான். பழக்கதோஷம், ஒரு முழம் தள்ளியே நின்றுவிட்டான்.

"அய்யா, அம்மாவப் பிடிங்கய்யா!" என்று பதறினான்.

அந்தக் காபி தனக்குக் கலந்தது என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.