எத்தனை சதவீதம்?

மணி மூன்றே முக்கால். காலையில் செயலிழந்து படுத்துவிட்ட கம்பெனி சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இன்ஜினியரின் நாற்காலிக்குப் பின்னால் மேனேஜர் வந்து நிற்கிறாள். அவன் வாங்கிவைத்த தேநீர் ஆடை படிந்து ஆறிக் கிடக்கிறது. "எத்தனை சதவீதம் முடிஞ்சுதுன்னு டைரக்டர் கேக்கறார்," என்கிறாள். அவன் திரும்பவில்லை. "இதுவரைக்கும் நாலு தடவை ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டேன், மேடம். அதை எழுதறதா, இதைச் சரி பண்றதா?" குரல் உடைகிறது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் டைரக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். அவள் நேரே அவரிடம் போகிறாள். "வேலை முடியற வரைக்கும் அவர் எதுவும் எழுத மாட்டார், சார். நான்தான் வேண்டாம்னுட்டேன்." அவர் முகம் கடுக்கிறது. "மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்றது?" "என் பேரைச் சொல்லுங்க," என்கிறவள், திரும்பி வந்து இன்ஜினியரின் ஆறிய தேநீரை எடுத்துக்கொண்டு சூடாக வேறொன்று வாங்கிவரப் போகிறாள்.