பத்தடி பாக்கி

"நீங்க போங்க. நான் இங்கேயே உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு டூகல் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

உச்சிக்கு இன்னும் பத்தடி இருந்தால் அதிகம். மேலே கற்குவியல் தெரிந்தது. அதைத் தொட்டால்தான் மலை ஏறியதாகக் கணக்கு.

"விளையாடறியா? எழுந்திருடா!" என்றாள் ரோனா.

"முட்டி வலிக்குது."

"கடற்கரையிலேருந்து இவ்வளவு தூரம் வலிக்காத முட்டி, இங்க வந்ததும் வலிக்குதாக்கும்?"

இஷ்பலின் முகம் வாடிவிட்டது.

இன்று அவளுடைய நாள். ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகள் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனையையும் ஏறியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலையும் கூட்டம் எங்களுடையது. தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது, மலைக்கு மட்டும் எப்படியாவது கிடைத்துவிடும்!

கிளாஸ்கோவில் பஸ் ஓட்டும் இஷ்பல், மல் தீவிலிருக்கும் இந்த மலையைக் கடைசிக்கென்று பத்திரமாக வைத்திருந்தாள். இந்தத் தீவில் அந்த உயரத்துக்கு இது ஒன்றுதான். ஃபெர்ரியில் நண்பர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து ஏறி முடிக்க வேண்டும். அதிலும் டூகல் இருந்தே ஆக வேண்டும். முதல் மலையில் அவள் பாதி வழியில் உட்கார்ந்து அழுதபோது, பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாண்ட்விச்சையும் சேர்த்துத் தின்றவன் அவன்தான்.

"நீ இல்லாம எப்படி, டூகல்?" என்றாள்.

"நான் இங்கேருந்தே கத்தறேன். ஊருக்கே கேக்கும். போ, மேகம் வருது பாரு."

ரோனா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி. இது முட்டி வலி இல்ல, வயித்தெரிச்சல். அவனுக்கு இன்னும் வடக்கே ஒரு மலை பாக்கி இருக்கு. நீ முந்திக்கிட்டே. அதைக் கண்ணால பாக்க மனசு வரல."

"சும்மா இரு" என்றாள் இஷ்பல். ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மேலே நாங்கள் இரண்டு வரிசையாக நின்று, கைத்தடிகளை உயர்த்திப் பந்தல் போட்டோம். இஷ்பல் குனிந்து அதற்குள் ஓடி, கற்குவியலைக் கட்டிப்பிடித்து அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, சுற்றிலும் கடலும் குட்டிக் குட்டித் தீவுகளுமாக ஜொலித்தது. பிளாஸ்டிக் டம்ளர்களில் விஸ்கி ஊற்றினோம். ஒருத்தன் பாடினான், மகா மோசமாக. யாருக்கும் அது குறையாகப் படவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கீழேயிருந்து டூகல் ஊளையிட்டுக் கைதட்டியது எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டது.

"நடிப்பு" என்றாள் ரோனா.

இறங்கும்போது அவளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. எல்லோருக்கும் முன்னால் பாறைக்குப் பாறை தாவி இறங்கிக்கொண்டிருந்தான் டூகல்.

"பாத்தியா, பாத்தியா! முட்டி வலிக்காரன் போற போக்கை!"

ஃபெர்ரியில் ஈரக் கோட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரே மேஜையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எல்லோருக்கும் மாக்கரோனியும் சிப்ஸும். டூகல் மும்முரமாக வினிகர் தெளித்துக்கொண்டிருந்தான்.

இஷ்பலுக்குப் பொறுக்கவில்லை.

"டூகல், நான் முடிச்சதுல உனக்கு நிஜமாவே சந்தோஷம் இல்லையா?"

"என்ன கேள்வி இது? கத்திக் கத்தித் தொண்டையே போச்சு."

"உன் வடக்கு மலைக்கு எங்களைக் கூப்பிடாதே, நாங்க வர மாட்டோம்" என்றாள் ரோனா. "எங்களுக்கும் முட்டி இருக்கு!"

"அதை மே மாசமே ஏறிட்டேனே."

ரோனா முள்கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"யாரையும் கூப்பிடாம, தனியாப் போய் முடிச்சுட்டு வந்துட்டியா?" ரோனாவுக்கு மூச்சு வாங்கியது. "பாட்டிலையும் நீயே காலி பண்ணியிருப்ப. நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"எங்க முடிச்சேன்? அது கடைசி இல்லையே. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

"எதுடா அது?"

டூகலின் காது சிவந்தது. சிப்ஸை மென்றுகொண்டே கட்டை விரலால் ஜன்னலுக்கு வெளியே காட்டினான். மல் தீவு மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"இந்த மலையா! இதை நீ எப்பவோ ஏறிட்டேன்னு..."

"நீங்களா நெனைச்சுக்கிட்டீங்க. நான் எப்ப சொன்னேன்?"

இஷ்பல் அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"லூசு! பத்தடிதானே? மேல வந்துட்டு, வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் இல்ல?"

"அது எப்படி? உச்சியைத் தொட்டா தொட்டதுதான், அதுல பொய் சொல்லக் கூடாது. நானும் முடிச்சுட்டேன்னு தெரிஞ்சா, இவங்க பாதிக் கைதட்டலை எனக்குக் குடுத்திருப்பாங்க. இன்னிக்கு மொத்தமும் உனக்குத்தான் வரணும்" என்ற டூகல், ரோனாவின் தட்டிலிருந்து ஒரு சிப்ஸை எடுத்துக்கொண்டான். "எனக்குக் கைதட்ட, நீங்கள்ளாம் இன்னொரு தடவை ஏறுங்க!"