நான்கு சொட்டுத் தைலம்

மயிலாப்பூர் ஊதுவத்திக் கடையில் வாசனைப் பொடி கலப்பவன் கோதண்டபாணி. டிராமிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவனுக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.

"தை மாசத்துக்குள்ள மூக்கு சரியாவலன்னா வேற ஆளு வெச்சிக்குவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வைத்தியர் மூலிகைத் தைலம் கொடுத்தார். தினமும் காலையில் அவனைப் படுக்கவைத்து, மூக்கில் நான்கு சொட்டு விடுவது மனைவி தேவானையின் வேலை.

தேவானை மீன் விற்பவள். முன்பெல்லாம் அவள் கிட்டே வந்தாலே, "கூடையோட கடலையே தூக்கினு வந்துட்டியா? தள்ளிப் போ" என்பான். அடிபட்ட பிறகுதான் அவள் மடியில் தலைவைத்துப் பேசத் தொடங்கினான்.

அதை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை. தைலத்தைக் கொட்டிவிட்டு, புட்டியில் வெறும் நல்லெண்ணெயை ஊற்றி வைத்தாள். ஆனால் அவன் நம்பிக்கையோடு முகத்தை நிமிர்த்தும்போதெல்லாம், அவன் கண்ணைப் பார்க்காமலே சொட்டு விட்டாள்.

இருபதாம் நாள் புட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

"ஒனக்குத் துரோகம் பண்ணிக்கினு கீறேன்யா. இது மருந்தே இல்ல."

"தெரியும்மே. நல்லெண்ணெய்தான?" என்றான் அவன். "நாலு நாளா எனக்கு வாசனை தெரியுது."

தேவானை எண்ணிப் பார்த்தாள். அந்த நான்கு நாளும், அவள் மீன் கூடையை இறக்கி வைத்ததுமே வந்து, அவள் மடியில்தான் அவன் படுத்திருந்தான்.